கண்ணாடி வீட்டில் மூணு தண்ணி

ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு கள்ளித் துண்டு. துண்டின் கீழ்ப்பாதி முழுக்க மிளகு அளவில் கொப்புளங்கள். சில தண்ணீர் கோத்துப் பளபளத்தன. சில உடைந்து, காய்ந்து, துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்திருந்தன. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் எங்கள் பண்ணை மேனேஜர். "இது நோயா, இல்ல யாராச்சும் பண்ணின வேலையா? அத மட்டும் சொல்லும்மா," என்றார் அவர். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. அரூர்க்காரி, தாவரவியல் பட்டதாரி, அந்தப் பண்ணையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மேனேஜர் கேட்ட கேள்வியில் முதல் பாதி என் காதில் விழவே இல்லை. பண்ணின ஆள் யார் என்றுதான் மனம் உடனே ஓடியது. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால் வாங்கும்போது சொம்பைச் சாய்த்துப் பார்ப்பேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிரித்தால் கைப்பையை இறுக்கிக்கொள்வேன். மேனேஜர் என்னைவிட ஒரு படி மேல். அப்படிப்பட்ட இருவரிடம் அந்தக் கள்ளித் துண்டு வந்து மாட்டியது.

தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி போகிற வழியில் அந்த அரசாங்கப் பண்ணை இருந்தது. மா ஒட்டுக்கன்றும் கொய்யாக் கன்றும் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. கள்ளிகள் வந்து சேர்ந்தது தனிக் கதை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது, தான் ஆசையாகச் சேர்த்த வெளிநாட்டுக் கள்ளிகளை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். வைக்க இடம் தேடி, கடைசியில் எங்கள் பண்ணையின் தலையில் கட்டினார்கள். அவற்றுக்காக மேற்கு மூலையில் ஒரு கண்ணாடி வீடு எழும்பியது. பந்துபோல் உருண்டவை, தூண்போல் நின்றவை, இலைபோல் தட்டையாகத் தொங்கியவை என்று இருநூறு தொட்டிக்கு மேல் இருக்கும். கன்று வாங்க வருகிறவர்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "வேலியோரம் கேக்க நாதியில்லாம கெடக்கற கள்ளிக்கு வூடு! அதுவும் கண்ணாடி வூடு! எங்கூட்டுக் கூரை ஒழுவுதுங்க, கவருமெண்டு அதயும் கொஞ்சம் பாக்கப்படாதா?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டிருக்கிறார். பதில் தெரியாதபோது முறைத்துப் பார்ப்பது என் வழக்கம். முறைத்தேன்.

அந்தக் கண்ணாடி வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றியவரைத்தான் நாங்கள் தண்ணிக்காரம்மா என்போம். இண்டூரிலிருந்து விடிந்ததும் நடந்து வருவார். நாற்பது வயதிருக்கும். முகம் முழுக்க அம்மைத் தழும்பு, கன்னத்தில் விரல்நுனி வைக்கிற அளவுக்குக் குழிகள். கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றுவது சும்மா வேலை இல்லை. மற்ற செடிகளுக்குக் குறைந்தால்தான் ஆபத்து, கள்ளிக்குக் கூடினால் ஆபத்து. கோடையில் வாரம் ஒருமுறை, மழைமாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தொட்டிக்கு ஒரு சின்னப் பால் டின் அளவு என்று கணக்கு. சுவரில் அட்டவணை தொங்கியது. அவருக்குப் படிக்கத் தெரியாது. கதவு நிலையில் ஊற்றின நாளுக்கு ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கொள்வார். ஏழு வருஷத்தில் ஒருமுறைகூடப் பொட்டு தப்பியதில்லை என்று மேனேஜரே சொல்வார். அந்த ஏழு வருஷமும் அவர் தினக்கூலிதான். அவரை நிரந்தரமாக்கச் சொல்லி மேனேஜர் எழுதிய கோப்பு மெட்ராஸ் வரை போயிருந்தது. தை மாதம் பெரிய அதிகாரி ஒருவர் கண்ணாடி வீட்டைப் பார்க்க வருகிறார், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார் என்று பேச்சு. "நெரந்தரம் ஆயிட்டா எம் பொண்ண எட்டாவதோட நிறுத்தாம படிக்க வெப்பனுங்க, லேப் அம்மா," என்று என்னிடம் சொல்லியிருந்தார். லேப் அம்மா என்பது நான்.

மேனேஜருக்கு ஒரு பயம் உண்டு. பெங்களூர் போகிற கார்கள் எங்கள் வழியாகத்தான் போகும். அதில் போகிறவர்கள் இறங்கி, நல்ல கள்ளியாகப் பார்த்து ஒரு துண்டு ஒடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் நம்பினார். ஒருமுறை ஒரு துண்டு காணாமல் போனதாகவும் சொன்னார். பூனை தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் அவர் தொட்டிகளுக்கெல்லாம் பெயிண்ட்டில் எண் எழுதினார், சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்ளாத குறையாக வைத்துக்கொண்டார், ஐப்பசி பிறந்ததும் பக்கவாட்டில் காற்றுக்காக இருந்த ஜன்னல்கள் எட்டையும் ஆணி அடித்து மூடிவிட்டார். கை நுழைகிற இடம் எதுவும் இருக்கக்கூடாதாம். எனக்கு அது மிகச் சரியான காரியமாகப் பட்டது. நானே ஒவ்வொரு ஜன்னலாகத் தள்ளிப் பார்த்து உறுதி செய்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் சூரியனைக் காணோம். ஒருநாள் காலை தண்ணிக்காரம்மா என்னைக் கூப்பிட்டு, தட்டையான கள்ளி ஒன்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இது என்னாங்க? நேத்து இல்லியே," என்றார். ஏழெட்டுக் கொப்புளங்கள். எனக்கு என்னவென்று தெரியவில்லை. படித்தவள், லென்ஸ் வைத்திருப்பவள், தெரியவில்லை என்று ஒரு தினக்கூலியிடம் சொல்வதா? கிண்டலாக எதையோ சொல்லித் தப்பித்தேன். "பாத்தாத் தெரியலையா? அம்மை போட்டிருக்கு," என்றேன். அந்தத் தழும்பு முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கள்ளியை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். கிண்டல்கூடப் புரியாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு கொப்புளம் ஒவ்வொரு நாளும் கூடியது. அப்போதுதான் மேனேஜர் அந்தத் துண்டை வெட்டிக்கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் முறையாகவே ஆரம்பித்தேன். நகத்தால் சுரண்டினேன். செதில்பூச்சியாக இருந்தால் ஓடுபோல் பெயர்ந்து வரும், அடியில் ஈரம் இருக்கும். பெயரவில்லை. வெள்ளைத் தாளின்மேல் தட்டினேன். சிலந்திப்பேன் இருந்தால் தாளில் விழுந்த தூசி நகரும். அரைமணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், நகரவில்லை. லென்ஸில் பார்த்தேன். பூஞ்சணம் என்றால் புள்ளி குழிந்து, வளையம் வளையமாகப் பரவி, நடுவில் கறுப்பாகப் பொடி தெரியும். இது குழியவில்லை, மேலே எழும்பியிருந்தது. வெயில் சுட்டிருக்குமோ என்றால், வெயில் பார்த்த பக்கம்தான் வெளுத்திருக்க வேண்டும். இங்கே அடிப்பக்கத்தில்தான் அதிகம், வெயிலோ ஊரிலேயே இல்லை. குறுக்கே வெட்டினேன். தோலுக்கு அடியில் சதை பச்சையாக, சுத்தமாக இருந்தது. புத்தகத்தைப் புரட்டியதில் ஒரே விடைதான் மிஞ்சியது. வேர் உறிஞ்சிய தண்ணீரை வெளியேற்ற முடியாமல் செடி உள்ளேயே ஊதிக்கொள்கிறது. நீர்க்கொப்புளம். அது நோய் இல்லை, தொற்றாது. தண்ணீர் அதிகமானால் வரும், காற்று ஈரமாகத் தேங்கினாலும் வரும். புத்தகத்தில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. நான் முதலாவதை மட்டும் படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டையும் படித்தேன், முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் அதிகம் என்றால் ஊற்றிய கை ஒன்று இருக்குமே!

இரண்டாவதை என்னிடம் ஒருவர் நேராகவே சொன்னார். உடைந்த கண்ணாடி மாற்றத் தர்மபுரியிலிருந்து வருகிற பாய் ஒருவர் உண்டு. கூரையில் ஒரு சட்டத்தை மாற்றிவிட்டு இறங்கியவர், கை ஈரத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உள்பக்கம் கண்ணாடி வேர்த்து ஊத்துதுங்க, மேடம். மனுசனே உள்ள அஞ்சு நிமிசம் நிக்க முடியல. அந்த ஆணியெல்லாம் புடுங்கி ஜன்னலத் தொறந்து வுடுங்க, எல்லாம் செரியாப் போவும்." நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த மனிதருக்கு ஜன்னல் திறந்திருப்பதில் என்ன அக்கறை? பெங்களூர்க்காரர்களிடம் ஏதாவது ஏற்பாடா? அவர் சட்டத்தில் கண்ணாடியை ஒட்ட வைக்கிற மக்குப் பசையில் இருக்கிற எண்ணெய் சொட்டித்தான் செடி கொப்பளிக்கிறதோ என்றும் தோன்றியது. அவர் போனதும் கூரையடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஈரம்தான் இருந்தது.

இதற்கு நடுவில் தண்ணிக்காரம்மாவின் போக்கு மாறியது. கண்ணாடி வீட்டு வாசலில் என்னை நிறுத்தி, "செருப்ப வெளியில வுட்டுட்டு வாங்க, லேப் அம்மா," என்றார். இதற்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்துக் கொட்டகையில் மதியச் சோறு ஆக்குகிற பெண்களிடம் போய், கொஞ்சநாளைக்குத் தாளிக்காதீங்க, வெறும் கூழோ ரசமோ வெச்சுக்குங்க என்று கெஞ்சியதாகக் கேள்விப்பட்டேன். தலையில் எப்போதும் இருக்கும் கதம்பப் பூவைக் காணோம். உரக்கப் பேசுகிறவர், குரலை இறக்கிப் பேசினார். கதவின்மேல் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. பூச்சிக்காக வைத்திருப்பார் என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், நசநசவென்று ஈரம். நிலையில் கடைசிச் சுண்ணாம்புப் பொட்டு வைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது, மண் காய்ந்திருக்க வேண்டும். தொட்டியின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது.

மூன்று நாள் வேவு பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, கொசுக்கடியில், ஒரு பெண்பிள்ளை அரசாங்கச் சம்பளத்துக்கு வேவு பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம் மேகம் கொஞ்சம் விலகியபோது அவர் ஓர் அலுமினியக் குண்டாவைக் கண்ணாடி வீட்டு வாசலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார். அதில் மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை மிதந்தது. அரைமணி கழித்து அதை உள்ளே எடுத்துப் போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் உருவம் கலங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, வேப்பிலைக் கொத்தால் தெளித்து, பிறகு கையால் அள்ளி ஊற்றினார். உதடு அசைந்தது. செய்வினை என்று முடிவே கட்டிவிட்டேன். நிரந்தரம் ஆகப்போகிறவருக்குச் செய்வினை வைக்க என்ன காரணம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். சந்தேகம் தலைக்கேறினால் காரணம் கேட்காது.

அவர் போனபிறகு குண்டாவில் மிஞ்சியதை ஒரு சீசாவில் பிடித்தேன். ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் ஊற்றி ஒரு துளி சுண்ணாம்பு சேர்த்தேன். ஆரத்தித் தண்ணீரைப்போல் சிவந்தது. வெறும் மஞ்சள்தான். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் செய்கிற சோதனை அது, ஆனால் நான் சீசாவில் சீட்டு ஒட்டி, தேதி போட்டு, மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அட்டவணையை மீறித் தண்ணீர் ஊற்றப்படுகிறது, அதில் அனுமதியில்லாத பொருள் கலக்கப்படுகிறது என்றேன். அவர் சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஆள் கிடைத்துவிட்டதில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. என் முகத்திலும் அது இருந்திருக்கும்.

மறுநாள் காலை மேனேஜர் தண்ணிக்காரம்மாவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேனேஜர் நாற்காலியில், நான் பக்கத்தில் தாளும் பேனாவுமாக, தண்ணிக்காரம்மா கதவோரம். அவர் முகத்தில் பயம் இல்லை, ஏதோ முடித்துவிட்டு வந்தவர்போல் இருந்தார். மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை.

"அட்டவணைக்கு மேல கள்ளிக்குத் தண்ணி ஊத்துனியா, இல்லியா?"

"ஊத்துனங்க."

"எத்தன தண்ணி ஊத்துன?"

"மூணு தண்ணியும் ஊத்தியாச்சுங்க. இனிமே ஒண்ணும் பயமில்லீங்க."

மேனேஜர் மேசையைத் தட்டினார். "பயமில்லையாமே! செடியெல்லாம் கொப்புளிச்சு நிக்குது, பயமில்லைன்னு எங்கிட்டயே சொல்ற!" என்றார். அவர் காதில் விழுந்தது விவசாயக் கணக்கு. நிலக்கடலைக்கு ஒரு தண்ணி, ராகிக்கு மூணு தண்ணி என்பார்களே, அதுபோல மூன்று முறை பாய்ச்சியதாக ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டார். என் காதில் விழுந்தது வேறு. "மூணு தண்ணியும்" என்றாரே, அந்த 'உம்' என்னைப் பிடித்துக்கொண்டது. எண்ணிச் சொன்ன மூன்று இல்லை அது, ஊருக்கே தெரிந்த மூன்று. எங்கள் பக்கத்தில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். செருப்புக் காலோடு யாரும் உள்ளே வரக்கூடாது, அடுப்பில் தாளிக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. இறங்குகிற நேரத்தில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை நாள் விட்டு ஊற்றுவார்கள். முதல் தண்ணி, ரெண்டாம் தண்ணி, மூணாம் தண்ணி. மூணாம் தண்ணி ஊற்றிவிட்டால் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். எனக்கே எட்டு வயதில் ஊற்றியிருக்கிறார்கள். செருப்பு, தாளிப்பு, வேப்பிலை, மஞ்சள் என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தும் கூட்டிப் படிக்கத் தெரியாமல் இருந்தவளுக்கு, அந்த ஒரே ஓர் 'உம்'மில் எல்லாம் விளங்கிப்போயிற்று. கள்ளிக்கு அம்மை என்று யார் சொன்னது? நான் சொன்னேன்.

தண்ணிக்காரம்மா என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, கெஞ்சவுமில்லை. பஸ் எப்போது வரும் என்று தெரிந்தவர் சாலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளைப் பார்த்தேன்.

பேசியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். நான் விளையாட்டாகச் சொன்னதை இவர் நிஜமென்று நம்பிவிட்டார் ஐயா, செடிக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். அவ்வளவுதான். ஆனால் என் வேலை இன்னும் பக்காவாகவில்லை, இரண்டு வருஷம் சோதனைக் காலம் என்று உத்தரவில் இருந்தது. கள்ளிக்கு அம்மை போட்டிருப்பதாகக் கண்டுபிடித்த ஆய்வக உதவியாளர் என்று மேனேஜர் மெட்ராஸ் வரை சொல்லிச் சிரிப்பார் என்று பயந்தேன். அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், இப்போது எதற்கு என்று நினைத்தேன். பயத்துக்கு எத்தனை நியாயம் கிடைக்கிறது! மேனேஜர் வாக்குமூலத்தை என்னையே எழுதச் சொன்னார். அட்டவணையை மீறி மூன்று முறை தண்ணீர் ஊற்றியதை ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதினேன். தண்ணிக்காரம்மா கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றி வைத்தார். வைத்துவிட்டும் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

அதன்பிறகு நான் இங்கிலீஷில் ஓர் அறிக்கை எழுதினேன். நோய் இல்லை, பூச்சி இல்லை, பூஞ்சணம் இல்லை, கொப்புளத்துக்குக் காரணம் தண்ணீர் ஊற்றும் தொழிலாளி அளவுக்கு மீறி ஊற்றியது என்று. கடைசி வரி தவிர மற்றதெல்லாம் உண்மை. ஆணி அடித்த ஜன்னல் அதில் இல்லை, அடித்தவர் எனக்கு மேலதிகாரி. அந்த மாதத்தோடு தண்ணிக்காரம்மாவின் பெயர் கூலிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. இடையில் விட்டுப்போனால் ஏழு வருஷமும் செல்லாது, நிரந்தரக் கோப்பு மேலும் போகாது. எனக்கு அது தெரியும். அவர் போகிற அன்று கண்ணாடி வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தை எடுத்துக் கிணற்றடியில் போட்டுவிட்டுப் போனாராம். நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

கார்த்திகை முடிந்தும் கொப்புளம் நிற்கவில்லை. இப்போது தண்ணீர் ஊற்றியது நான், டின்னில் அளந்து, அட்டவணைப்படி. மார்கழிக் குளிரில் தினமும் இரண்டு மூன்று புதிதாக எழும்பின. பழைய கொப்புளம் ஆறி மறையும் ஜாதி இல்லை, கரடுதட்டி அப்படியே நின்றுவிடும். புதிதாக வருகிறதா என்பதை வைத்துத்தான் காரணம் போய்விட்டதா என்று சொல்ல முடியும். காரணம் போகவில்லை என்று ஒவ்வொரு நாளும் அந்தச் செடிகள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. அதிகாரி வருவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைக்க அந்த பாயையே மறுபடி கூப்பிட்டார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை, "இத மூடி வெச்சுக்கிட்டு உள்ள எப்பிடி வேல செய்யறது?" என்று சொல்லிக்கொண்டே எட்டு ஜன்னலின் ஆணிகளையும் பிடுங்கிப் போட்டார். மேனேஜர் அன்று சேலத்தில் இருந்தார்; திரும்பி வந்தபோது அதிகாரி வரும் நாள் நெருங்கிவிட்டதால் மறுபடி அடிக்கச் சொல்லவில்லை. மறுவாரம் முதல் ஒரு கொப்புளம்கூடப் புதிதாக வரவில்லை. தையில் வந்த அதிகாரி தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார், அறிக்கையைப் படித்தார், காரணத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்ததாக என்னைப் பாராட்டினார். மேனேஜர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். என் வேலை அந்த வருஷமே உறுதியாயிற்று.

அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன் என்பதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பயந்து பேசாமல் இருந்தது ஒன்று. தெரிந்துகொண்டே சிரித்து நன்றி சொன்னது இன்னொன்று.

எழுபதுகளின் கடைசியில், வேறு ஊருக்கு மாற்றலாகி, பதவியும் ஒரு படி உயர்ந்த பிறகு, ஒரு கல்யாணத்துக்காக இண்டூர் போனேன். மாசிக் கடைசி, புளி தட்டுகிற காலம். மண்டபத்துக்குப் போகும் வழியில் ஒரு களத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியை ஓடு நீக்கி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் முதலில் என்னைக் கண்டுகொண்டார். "லேப் அம்மாங்களா?" என்று கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். தலை நரைத்திருந்தது. விரல்கள் புளியில் ஊறி வெளுத்திருந்தன. பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். எட்டாவதோடு நின்றுவிட்டாள், கட்டிக் கொடுத்தாயிற்று, இதே களத்தில் அந்த ஓரத்தில் இருக்கிறாள் என்று கையைக் காட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அந்தச் செடிங்களுக்கு எறங்கிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

கிண்டலா என்று சந்தேகப்பட்டேன். அந்த நேரத்திலும் அதுதான் எனக்கு வந்தது. அவர் முகத்தில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இறங்கிவிட்டது என்றேன். "அப்பச் செரிங்க," என்றார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை, லேப் அம்மாதான் அம்மை என்றார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"கண்டு சொன்னது நீங்க. படிச்சவுங்க. ஆத்தா இப்பத்தான் எறங்கியிருக்கறப்ப அவ பேச்ச ஆபீசுல வெச்சு நான் எடுக்கலாமுங்களா? நீங்க சொல்லுவீங்கன்னுதான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். கைநாட்டு வெக்கற வரைக்கும் பாத்தனுங்க."

அந்தக் களத்தில் அத்தனை பெண்கள் நடுவில் எனக்கு அழுகை வந்தது. அவர் பதறவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்பவாச்சும் எழுதிக் குடுப்பீங்களா? எனக்கு வயசாயிடுச்சு. எம் பொண்ணுக்காச்சும் அந்த வேல கெடைக்குமான்னு கேக்கறேன்."

எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். ஊருக்குத் திரும்பி ஒரு தாளை எடுத்து வைத்தேன். மேனேஜர் அப்போது இன்னும் பணியில் இருந்தார், அவர் ஓய்வு பெறட்டும் என்று இருந்தேன். அவர் ஓய்வு பெற்றபோது என் அடுத்த பதவி உயர்வு நெருங்கியிருந்தது. அப்புறம் கண்ணாடி வீட்டைப் பிரித்துவிட்டார்கள், தண்ணீர் ஊற்றுகிற வேலையே இல்லாமல் போயிற்று. இண்டூர்ப் பக்கம் நான் மறுபடி போகவில்லை.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண் மாடியில் கள்ளி வளர்க்கிறாள். புள்ளி விழுந்தால் கைபேசியில் படம் அனுப்பி, "என்ன நோய் ஆன்ட்டி?" என்று கேட்கிறாள். நான் உடனே பதில் சொல்வதில்லை. எப்போது ஊற்றினாய், காற்று வருகிறதா, எந்தப் பக்கம் புள்ளி, புதிதாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவளுக்கு அலுத்துப்போய் வேறு யாரையாவது கேட்டுக்கொள்வாள். அந்தக் கண்ணாடி வீட்டில் கொப்புளத்துக்கு முதல் காரணம் ஆணி அடித்த ஜன்னல். இரண்டாவது காரணம் என் வாய். தண்ணிக்காரம்மா மூன்றாவதுதான், அதுவும் நான் சொன்னதை நம்பியதால். அன்றைக்கு இதை எழுதியிருந்தால் இங்கிலீஷில் மூன்று வரிகூட ஆகியிருக்காது.